மஸ்டாங்கின் இறக்கை ஏன் பளபளக்காது? டிஜிட்டல் போர் விமானத்துக்கு உலோகத் தோல் போர்த்தும் வேலை

பெயின்ட் பூசாத போர் விமானத்தின் 3டி மாடலுக்கு டெக்ஸ்சர் செய்வது, அதாவது மேற்பரப்புக்கு நிறமும் பொருள்தன்மையும் கொடுப்பது, சுலபம் என்று தோன்றும். உருமறைப்பு வண்ணங்களைப் பிரித்து வரைய வேண்டியதில்லை. மெட்டாலிக்கை (உலோகத்தன்மையை) 1-இல் வைத்து ரஃப்னஸை (சொரசொரப்பை) 0.2-க்கு இறக்கினால் போதும் என்று நினைத்து ரெண்டர் போட்டால், அதாவது இறுதிப் படத்தைக் கணினியில் உருவாக்கினால், அப்போதுதான் கடையிலிருந்து வாங்கி வந்த எவர்சில்வர் டம்ளருக்கு இறக்கை முளைத்தது போல ஒன்று ஓடுபாதையில் நிற்கும்.

அதைச் சரிசெய்ய உடனே கை போவது கலர் மேப்புக்கு, அதாவது மாடலின் மேல் போர்த்தும் நிறப் படத்துக்கு. தகட்டுக்குத் தகடு சாம்பல் நிறத்தைக் கூட்டிக் குறைப்பது, ஓரமெல்லாம் கீறல் போடுவது, இடுக்கெல்லாம் கறுப்புக் கோடு இழுப்பது என்று ஆரம்பித்தால், டம்ளர் அழுக்கு டம்ளராகுமே தவிர விமானமாகாது. உலோகத்தில் நம் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பங்கு அதைச் சுற்றியிருக்கும் வானமும் தரையும்தான். அவற்றை அந்தத் தகடு எவ்வளவு கலைத்து, எப்படி வளைத்துக் காட்டுகிறது என்பதை வைத்தே 'இது அலுமினியம், இது எஃகு, இது வெள்ளி பெயின்ட்' என்று மூளை முடிவு செய்கிறது. ஆகவே வேலை தொடங்க வேண்டிய இடம், எந்தத் தகடு என்ன பொருள் என்ற விசாரணை. இதற்கு இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க பி-51டி மஸ்டாங்கைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஏனென்றால் 'வெறும் உலோக விமானம்' என்று எல்லோரும் சொல்லும் அதன் இறக்கை வெறும் உலோகமே அல்ல.

எந்தத் தகடு எது

1943 கடைசியில் அமெரிக்க ராணுவ விமானப் படை உருமறைப்பு வண்ணத்தைக் கைவிட முடிவெடுத்தது. அதன் பிறகு இங்கிள்வுட், டல்லாஸ் தொழிற்சாலைகளிலிருந்து வந்த பி-51டி விமானங்களின் உடற்பகுதி பெயின்ட் இல்லாமலேயே வந்தது. அந்தத் தகட்டின் பெயர் ஆல்கிளாட். உள்ளே இருப்பது செம்பு கலந்த, வலுவான, ஆனால் சீக்கிரம் அரிக்கப்படும் அலுமினியக் கலவை. அரிப்பைத் தடுக்க அதன் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டத் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வையாக ஒட்டி உருட்டியிருப்பார்கள். மெல்லிய தகடுகளில் இந்தப் போர்வை ஒரு பக்கத்துக்கு மொத்தக் கனத்தில் 5 சதவீத அளவு இருக்கும்.

டெக்ஸ்சர் செய்பவருக்கு இதில் இரண்டு செய்திகள் உண்டு. நாம் பார்ப்பது கலவையை அல்ல, தூய அலுமினியத்தை. எனவே பேஸ் கலரை (பொருளின் அடிப்படை நிறத்தை) அலுமினியத்தின் அளவீட்டிலிருந்தே எடுக்கலாம். அடுத்தது, தூய அலுமினியம் மெத்தென்றது. ஒரு பூட்ஸ் உரசல், ஒரு ஸ்பானர் வழுக்கல், அழுக்குத் துணியால் துடைத்த துடைப்பு எல்லாமே தடம் பதிக்கும். போர்க்களத்தில் நின்ற மஸ்டாங் கண்ணாடி போல மின்னியது அரிது என்பதற்கு இதுதான் காரணம்.

இறக்கையின் கதை வேறு. மஸ்டாங்கின் வேகத்துக்கும் தூரத்துக்கும் காரணமான லாமினார் ஃபுளோ இறக்கை, காற்று சலனமில்லாமல் வழுக்கிப் போவதற்காக வடிவமைக்கப்பட்டது. ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) தலை, தகட்டு இணைப்பு என்று சிறு மேடுபள்ளம் இருந்தாலும் அந்தப் பயன் போய்விடும். அதனால் முன் விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் சுமார் 40 சதவீதம் வரை ரிவெட்டுகளையும் இணைப்புகளையும் பட்டி பூசி நிரப்பி, தேய்த்துச் சமப்படுத்தி, பிரைமர் அடித்து, இறக்கை முழுவதும் அலுமினியப் பொடி கலந்த லாக்கர் அடித்தார்கள். கார் டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்த்து உப்புத்தாள் போடும் அதே வேலைதான். ஃபிளாப்புகளும் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் மடல்கள்) துப்பாக்கி அறை மூடிகளும் பெரும்பாலும் பட்டி, லாக்கர் இல்லாமல் வெறும் தகடாகவே விடப்பட்டன.

ஆகவே இறக்கையின் முன்பாதி முழுக்க வரிசை வரிசையாக ரிவெட் குத்தி வைத்த மாடல், எத்தனை அழகாக இருந்தாலும் தவறு. 3டி உலகில் மட்டுமல்ல, பிளாஸ்டிக் ஸ்கேல் மாடல் கட்டுபவர்களிடமும் பல காலமாக இருக்கும் தவறு இது. வால் சுக்கான் துணி போர்த்தி வெள்ளி டோப் (துணியை இறுக்கும் பூச்சு) பூசியது. எலிவேட்டரும் (வாலின் கிடைச் சுக்கான்) பெரும்பாலான டி-களில் துணிதான், கடைசியில் வந்தவற்றில் மட்டும் உலோகம். இவற்றுக்கு மெட்டாலிக் 1 கொடுத்தால் துணியும் தகடாகிவிடும். புகைக்குழாய்களைச் சுற்றிய தகடு துருப்பிடிக்காத எஃகு. காக்பிட்டுக்கு முன்னால் மூக்கின் மேல் கண் கூசாமல் இருக்க ஆலிவ் பச்சையில் மினுமினுப்பில்லாத பெயின்ட். இங்கிலாந்திலிருந்து பறந்த விமானங்களில் தொங்கிய 108 கேலன் டிராப் டேங்குகளில் (தேவை முடிந்ததும் கழற்றி விடும் எரிபொருள் தொட்டிகளில்) ஒரு வகை காகிதத்தால் ஆனது, மேலே வெள்ளி டோப். பார்த்தால் உலோகம் போல இருக்கும், தட்டினால் அட்டை.

இந்தப் பட்டியலை ஒரு ஐடி மாஸ்க்காக, பொருளுக்கு ஒரு தட்டை நிறமாக, மாடலின் மேல் வரைந்துவிடுவது முதல் வேலை. ஒரு மணி நேரம்கூட ஆகாது. இதைத் தவறவிட்டால் பின்னால் ஐம்பது லேயர் போட்டாலும் ஈடாகாது.

பார்த்து வரைய மாதிரிப் படம் தேடும்போது ஒரு எச்சரிக்கை. இன்று விமானக் காட்சிகளில் பறக்கும் மஸ்டாங்குகள் பல இறக்கை முதல் வால் வரை பெயின்ட் சுரண்டி, கண்ணாடி போலத் தேய்த்து மெருகேற்றியவை. தெளிவான வண்ணப் படங்கள் அவற்றுக்குத்தான் அதிகம் கிடைக்கும். 1944-இல் இருந்த விமானத்தை வேண்டுவோருக்கு அவை பொறி. நம் ஊர்களில் கல்லூரி வளாகத்திலும் சாலைச் சந்திப்பிலும் மேடையில் ஏற்றி வைத்திருக்கும் பழைய போர் விமானங்களும் அப்படித்தான். வெயில் மழைக்காக வருடாவருடம் பூசும் வெள்ளி பெயின்ட்டைப் பார்த்து அலுமினியத்தைக் கற்றுக்கொள்ள முடியாது. பெயின்ட் எப்படி உலோகத்திலிருந்து வேறுபடுகிறது என்று கற்க வேண்டுமானால் அவை நல்ல பாடம்.

எண்கள்

மெட்டாலிக்–ரஃப்னஸ் முறையில் உலோகத்தின் பேஸ் கலர் என்பது அது நேராகப் பிரதிபலிக்கும் ஒளியின் அளவு. அலுமினியத்துக்கு அது எஸ்ஆர்ஜிபி-யில் (திரைகளின் வழக்கமான வண்ண அளவுகோல்; சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255) சுமார் 245, 246, 246. இரும்புக்கு 196, 199, 199. டைட்டானியத்துக்கு 193, 186, 177. லேசாக மஞ்சள் ஓடும். அலுமினியத்துக்கும் எஃகுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருப்பது பலருக்கு ஆச்சரியம். சமையலறையில் புது அலுமினியப் பாத்திரத்தையும் எவர்சில்வர் தட்டையும் ஜன்னலருகே சேர்த்து வைத்துப் பாருங்கள். அலுமினியம் வெளுத்திருக்கும், எவர்சில்வர் கொஞ்சம் இருண்டு கூர்மையாக இருக்கும். மஸ்டாங்கின் புகைக்குழாய்ப் பகுதி தனித்துத் தெரிவதற்கு இந்த வித்தியாசமே பாதிக் காரணம்.

களத்தில் நின்ற அலுமினியத்துக்கு 245 கொஞ்சம் அதிகம். மெல்லிய அழுக்குப் படலத்தையும் சேர்த்து 215 முதல் 230 வரை வைப்பது கண்ணுக்குச் சரியாக இருக்கும். அதற்குக் கீழே 150, 160 என்று இறக்கினால் அலுமினியம் ஈயமாகிவிடும். 'ரொம்ப வெள்ளையாக இருக்கிறதே' என்று பயந்து பேஸ் கலரை இருட்டாக்குவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ரஃப்னஸோ காட்சியின் ஒளியோதான்.

ரஃப்னஸ் இப்படி: தொழிற்சாலையிலிருந்து வந்த புதுத் தகடு 0.22 முதல் 0.3. சில மாதம் களத்தில் நின்றது 0.3 முதல் 0.42. மெருகேற்றிய இன்றைய காட்சி விமானம் 0.05 முதல் 0.12. இவை கண்ணால் பார்த்து ஒப்பிட்டு வைக்கும் அளவுகள், எந்த எஞ்சினில் (ரெண்டர் மென்பொருளில்) ரெண்டர் ஆகிறது என்பதைப் பொறுத்து கொஞ்சம் நகரும். பெரும்பாலான எஞ்சின்களில் நாம் கொடுக்கும் ரஃப்னஸ் எண் உள்ளே வர்க்கமாக்கப்படுகிறது. அதனால் 0.3-க்கும் 0.4-க்கும் உள்ள வித்தியாசம் எண்ணில் தோன்றுவதைவிடப் பார்வையில் பெரிது. தகட்டுக்குத் தகடு 0.03, 0.04 என்ற அளவில் மாற்றினாலே போதும்.

வெள்ளி லாக்கருக்கு என்ன செய்வது? நூல் பிடித்துப் பார்த்தால் ஒரு பொருள் ஒன்று உலோகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உலோகமற்றதாக இருக்க வேண்டும்; இடைப்பட்ட மெட்டாலிக் மதிப்பு கூடாது. ஆனால் இந்த லாக்கர், ஒளி ஊடுருவும் பசையில் மிதக்கும் அலுமினியத் துணுக்குகள். இங்கே விதியை மீறுவது நியாயம்: மெட்டாலிக் 0.7 முதல் 0.85, பேஸ் கலர் 185 முதல் 195, ரஃப்னஸ் 0.5 சுற்றுவட்டம். மெட்டாலிக் கொஞ்சம் குறைவதால் வெறும் சாம்பல் நிறமும் கொஞ்சம் கலந்துவரும். இருண்ட மரவரிசையைப் பார்த்து உடற்பகுதி கறுத்துப் போகும் கோணத்தில்கூட இறக்கை மங்கிய, சீரான வெள்ளிச் சாம்பலாகவே நிற்கும். போர்க்காலக் கறுப்பு வெள்ளைப் படங்களில் இறக்கையும் உடலும் வேறு வேறு விமானத்தினுடையவை போலத் தெரிவது இதனால்தான்.

அரை மில்லிமீட்டர் பள்ளம்

எண்களெல்லாம் சரியாக இருந்தும் மாடல் பொம்மையாகவே தெரிந்தால் காரணம் வடிவம். உண்மையான விமானத்தின் தோல் ஒரு மில்லிமீட்டர் அளவே கனமுள்ள தகடு. உள்ளே சட்டங்களிலும் நெடுக்குத் தண்டுகளிலும் ரிவெட் செய்த இடத்தில் அது பிடிபட்டு நிற்கும், நடுவில் மிக லேசாகக் குழியும் அல்லது உப்பும். டால்டா டின்னின் பக்கம் அமுங்கி எழுவது போல. கிட்டே போய்த் தடவினால்கூடத் தெரியாது. ஆனால் அதில் பிரதிபலிக்கும் தொடுவானக் கோடு சட்டத்துக்குச் சட்டம் அலையாக நெளியும். அந்த நெளிவைப் பார்த்துத்தான் இது மெல்லிய தகடு என்று கண் நம்புகிறது.

இதை நார்மல் மேப்பில், அதாவது மேற்பரப்பின் சாய்வை நிறமாகச் சேமிக்கும் படத்தில், போடலாம் என்று எல்லோரும் இறங்குவார்கள். கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 15 செ.மீ. இடைவெளியில் 0.5 மி.மீ. ஆழக் குழிவு என்றால், அதன் மிகச் செங்குத்தான இடத்தில் சாய்வு சுமார் 0.6 பாகை. 8 பிட் நார்மல் மேப்பில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள சாய்வு வித்தியாசம் சுமார் 0.45 பாகை. அதாவது ஒரு முழுக் குழிவையும் சொல்ல அந்த மேப்பிடம் இருப்பது மொத்தம் மூன்று மதிப்புகள்! நார்மல் 0.45 பாகை திரும்பினால் பிரதிபலிப்பு 0.9 பாகை திரும்பும். வானில் சூரியனின் அகலமே அரை பாகைதான். எனவே மென்மையான அலைக்குப் பதில் படிக்கட்டு போல வெட்டு வெட்டாக நெளியும் பிரதிபலிப்பு வரும். மெருகு கூடக்கூட இது இன்னும் அசிங்கமாகத் தெரியும்.

தீர்வு, இந்தக் குழிவுகளை மெஷ்ஷிலேயே, அதாவது மாடலின் கண்ணிவலை வடிவத்திலேயே, வைப்பது. ரெண்டருக்காகச் செய்யும் மாடலென்றால் சட்டங்களுக்கு நடுவே ஓரிரு எட்ஜ் லூப் (விளிம்பு வளையம்) சேர்த்து வெர்டெக்ஸ்களை (முனைப் புள்ளிகளை) அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் போதும், நார்மல்கள் வழவழப்பாக இடையிட்டுக்கொள்ளும். சிமுலேட்டருக்கான மாடலில் பாலிகன் கணக்கு இடம் கொடுக்காவிட்டால் நார்மல் மேப்பை 16 பிட்டில் பேக் செய்து (கணக்கிட்டுப் படமாகச் சேமித்து), 8 பிட்டுக்கு இறக்கும்போது படிகளை மறைக்கும் டிதர் இரைச்சல் கலக்க வேண்டும். ஆழத்தை இரண்டு மடங்காக்குவதும் உண்டு. பொய்தான், ஆனால் நம்பும்படியான பொய். குழிவுகள் எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. சில உள்ளே, சில வெளியே, சில சமமாக.

இதே காரணத்துக்காக, மெஷ்ஷில் இருக்கும் சின்னக் குறையையும் உலோகம் மன்னிக்காது. மேட் பெயின்ட் மறைத்துவிடும் முக்கோணச் சுருக்கமும், பல பக்கப் பாலிகன் இழுப்பும் இங்கே பளிச்சென்று தெரியும். டெக்ஸ்சர் தொடங்கும் முன் வரிக்குதிரைக் கோடு போட்ட மேட்கேப் (ஒளியைப் படமாகவே வைத்திருக்கும் சோதனைப் பூச்சு) ஒன்றைப் போர்த்தி மாடலைச் சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது. கோடு உடையும் இடமெல்லாம் பிறகு தலைவலி தரும் இடம்.

ரிவெட் எத்தனை பிக்சல்?

மஸ்டாங்கின் நீளம் 9.83 மீட்டர். உடற்பகுதியின் ஒரு பக்கம் முழுவதும் 4096 பிக்சல் அகலத்தில் விரிந்தால் ஒரு மீட்டருக்கு சுமார் 417 பிக்சல், அதாவது ஒரு பிக்சல் 2.4 மி.மீ. தோலோடு சமமாக அமர்ந்த 1/8 அங்குல ரிவெட்டின் தலை அகலம் ஆறு மி.மீ.-க்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஒரு ரிவெட் இரண்டரை பிக்சல் தேறாது. தகடுகளுக்கு நடுவிலான இடுக்கு ஒரு மி.மீ.; அது அரை பிக்சலுக்கும் கீழே.

இந்தக் கணக்கைப் போடாமல் வரைபவர்கள் ரிவெட்டை ஐந்து பிக்சலிலும் இடுக்கை மூன்று பிக்சலிலும் வரைந்துவிடுகிறார்கள். நிஜ அளவில் அது 12 மி.மீ. போல்ட் தலையும், விரல் நுனி நுழையும் 7 மி.மீ. பிளவும். விமானம் கப்பலாகிவிடுகிறது. ஒன்று, உடலை இரண்டு மூன்று டெக்ஸ்சர் தொகுதிகளாகப் பிரித்து பிக்சல் அடர்த்தியைக் கூட்ட வேண்டும். இல்லையேல் ரிவெட்டை வரைவதை விட்டு ரிவெட் வரிசையின் விளைவை வரைய வேண்டும். ரிவெட் அடித்த கோடு நெடுக தோல் 10, 15 மி.மீ. அகலத்துக்கு மிக லேசாக அமுங்கியிருக்கும். அது நாலைந்து பிக்சல் அகலமான ஆழமற்ற வாய்க்கால், 4கே-யில் நன்றாகவே பிடிபடும். அந்த வாய்க்காலின் மேல் ரஃப்னஸில் மட்டும் சிறு புள்ளிகளாக ரிவெட்டுகளை வைத்தால், தூரத்தில் கோடாகவும் கிட்டத்தில் புள்ளியாகவும் தெரியும்.

இடுக்குகளுக்குக் கறுப்புக் கோடு வேண்டாம். நிரந்தரமாக ரிவெட் செய்த தகடுகளில் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும், ஒரு பக்கம் மட்டும் சிறு படி தெரியும். உண்மையான இடுக்கு இருப்பது எஞ்சின் மூடி, வெடிமருந்து அறைக் கதவு போன்று கழற்றி மாட்டும் இடங்களில். அங்கேதான் எண்ணெயும் தூசியும் சேரும்.

ஆம்பியன்ட் அக்குளூஷனைப் (இடுக்குகளில் விழும் மென்நிழலை) பேஸ் கலரில் பெருக்கிவிடும் பழக்கத்தையும் இங்கே விட வேண்டும். உலோகத்தில் பேஸ் கலர்தான் பிரதிபலிப்பின் அளவு. அங்கே நிழலைப் பெருக்கினால் அந்த இடத்தில் உலோகமே வேறு உலோகமாகிவிடும்.

உருட்டிய திசை

போர்க்காலப் படங்களில் அடுத்தடுத்த இரண்டு தகடுகளில் ஒன்று வெளுத்தும் ஒன்று கறுத்தும் தெரியும். விமானம் கொஞ்சம் திரும்பிய அடுத்த படத்தில் அது தலைகீழாகியிருக்கும். நிறம் வேறாக இருந்தால் இப்படி மாறாது. தகட்டை உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுக்கும்போது இழுத்த திசையில் நுண்ணிய வரிகள் விழும். வெட்டிப் பொருத்தும்போது ஒரு தகட்டில் வரி நீளவாட்டிலும் அடுத்ததில் குறுக்கிலும் அமையும். ஒளி வரிகளுக்குக் குறுக்கே அதிகம் சிதறுவதால் பார்க்கும் கோணத்தைப் பொறுத்து ஒன்று மினுங்கும், மற்றது அணையும்.

அனிசோட்ரோபி (திசையைப் பொறுத்து மாறும் மினுக்கம்) வசதி உள்ள ரெண்டரரில் இதை நேரடியாகச் செய்யலாம். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் அனிசோட்ரோபிக் 0.3 முதல் 0.5 வரை வைத்து, டேன்ஜென்ட் நோடை (திசையைத் தரும் கட்டத்தை) யூவி-யோடு (மாடலின் தோலைத் தட்டையாக விரித்த வரைபடத்தோடு) இணைத்து, ரொட்டேஷனுக்குத் தகட்டுக்கு ஒரு மதிப்புள்ள மேப் கொடுத்தால் போதும். 0 ஒரு திசை, 0.25 அதற்குச் செங்குத்து. கவனிக்க வேண்டியது: யூவி தீவுகளை (விரித்த துண்டுகளை) இடம் மிச்சம் பிடிக்கச் சாய்த்து அடுக்கியிருந்தால் திசையும் அதோடு சாய்ந்துவிடும். உலோக விமானத்துக்கு யூவி விரிக்கும்போது தீவுகளை விமானத்தின் அச்சுக்கு நேராகவே வைப்பது பிறகு நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும். அனிசோட்ரோபி இல்லாத எஞ்சினில், ஒரு பக்கம் இழுத்து நீட்டிய நுண் இரைச்சலை ரஃப்னஸிலும் மிக மெல்லிதாக நார்மலிலும் போட்டு, தகட்டுக்குத் தகடு 90 பாகை திருப்ப வேண்டும். முழுப் பலன் கிடைக்காது, முக்கால் கிடைக்கும்.

அழுக்கு, புகை, சூடு

அழுக்கு விஷயத்தில் ஒரே கேள்விதான்: உலோகத்தின் மேல் படிந்ததா, உலோகமே மாறியதா? மஸ்டாங்கின் புகைக்கறை படிந்தது. மெர்லின் எஞ்சின் எரித்த பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்ததால், புகைக்குழாய்க்குப் பின்னால் இறக்கையின் வேர் வரை நீளும் கறை கரிக்கறுப்பாக மட்டும் இருக்காது. நடுவில் வெளிறிய சாம்பல் பழுப்பு, ஓரங்களில் கருமை. இதற்கு மெட்டாலிக் 0, ரஃப்னஸ் 0.75-க்கு மேல், படலம் மெலியும் இடத்தில் மாஸ்க் மெதுவாகக் கரைய வேண்டும். இறக்கையிலுள்ள ஆறு அரை அங்குலத் துப்பாக்கிகளுக்குப் பின்னாலும், அடியில் காலித் தோட்டா விழும் துளைகளுக்குப் பின்னாலும் வரும் கரியும் இந்த ரகமே.

எண்ணெய் ஒழுகல் வேறு மாதிரி. அது உலோகத்தை மறைக்காது, மேலே வழுவழுப்பான படலமாக நிற்கும். பேஸ் கலரில் லேசான பழுப்பு, ரஃப்னஸில் 0.15. திசையும் முக்கியம். பறக்கும்போது கசிந்தது காற்றோடு பின்னோக்கி ஓடும், நிறுத்தி வைத்தபோது கசிந்தது தரையை நோக்கி இறங்கும். மஸ்டாங் வால் சக்கரம் தரையில் ஊன்றி மூக்கைத் தூக்கி நிற்கும் விமானம். அதனால் நின்றபோது வழிந்த கோடு உடற்பகுதிக்குச் செங்குத்தாக இறங்காமல் வால் பக்கம் சாய்ந்து இறங்கும். மாடலை நேராகப் படுக்க வைத்துக்கொண்டு செங்குத்துக் கோடாக வரைந்தால், சக்கரத்தில் நிறுத்திய பிறகு மழை காற்றில்லாமலேயே சாய்ந்து பெய்தது போல இருக்கும்.

சூட்டால் வரும் நிறம் உலோகமே மாறுவது. துருப்பிடிக்காத எஃகு காற்றில் சூடாகும்போது மேலே ஆக்சைடு படலம் தடித்துக்கொண்டே போகும். அதன் தடிமனைப் பொறுத்து நிறம் மாறும். 300 டிகிரி செல்சியஸ் பக்கம் வெளிர் மஞ்சள், 400 பக்கம் பழுப்பு, 450-இல் ஊதா, 550 முதல் 600-இல் நீலம். மெட்டாலிக் 1-லேயே நிற்க வேண்டும்; பேஸ் கலரை மட்டும் இந்த வரிசையில் மாற்ற வேண்டும். வரிசை தவறக் கூடாது. சூடான மையத்தில் நீலம், வெளியே போகப் போக ஊதா, பழுப்பு, மஞ்சள். வானவில் கிரேடியன்ட் எடுத்து இழுத்தால் நடுவில் பச்சையும் சிவப்பும் வந்து காட்டிக்கொடுத்துவிடும். மஸ்டாங்கில் இது புகைக்குழாயோடு நின்றுவிடும். எஃப்-100 சூப்பர் சேபர் போன்ற ஜெட்களில் ஆஃப்டர்பர்னரைச் (கூடுதல் உந்துதலுக்காக வெளியேறும் வாயுவில் எரிபொருளை எரிக்கும் பகுதியை) சுற்றிய பின்பகுதி முழுவதுமே இந்த நிறங்களின் மைதானம். அங்கே உள்சட்டங்கள் தொடும் இடத்தில் தகடு குளிர்ந்திருப்பதால் நிறப் பட்டைகள் சட்டங்களைப் பின்பற்றி வளையும். அந்த வளைவை வரையாமல் சும்மா திட்டுத் திட்டாக நீலம் தெளித்தால் எண்ணெய் கொட்டிய தரை போலத் தோன்றும்.

ஓரத் தேய்மானம் பற்றி. சப்ஸ்டன்ஸ் பெயிண்டர் என்ற டெக்ஸ்சர் மென்பொருளில் வளைவைக் கண்டுபிடித்து எல்லா ஓரத்திலும் பெயின்ட் உதிர்த்துவிடும் ஜெனரேட்டரை இங்கே அப்படியே போடக் கூடாது. பெயின்ட் இல்லாத தகட்டில் உதிர என்ன இருக்கிறது? உதிரும் இடங்கள் குறைவு. லாக்கர் இறக்கையில் ஏறி இறங்கும் வேர்ப்பகுதியில் முதலில் வெளிப்படுவது அலுமினியம் அல்ல, பிரைமர். ஆலிவ் பச்சை மூக்கில் திருகுகளைச் சுற்றி. புரொப்பெல்லரின் கறுப்புப் பெயின்ட்டில் கல் தெறித்த முன் விளிம்பில். 1944 ஜூன் நார்மண்டிப் படையிறங்கலுக்காகப் பூசிய கறுப்பு வெள்ளைப் பட்டைகளும் இந்தக் கணக்கில் வரும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒரு பட்டை 18 அங்குலம், மேலே சொன்ன அடர்த்தியில் சுமார் 190 பிக்சல். அவசரத்தில் பலவற்றில் பிரஷ்ஷாலேயே பூசினார்கள், எனவே ஓரம் ஸ்கேல் வைத்தது போல நேராக இருந்தால் சந்தேகம் வரும்.

இந்திய விமானங்கள் செய்ய விரும்புவோருக்கு மிக்-21எஃப்எல் இதே வகை. வெறும் உலோகத்தில் இருந்தவற்றில் பலவற்றுக்கு 1971 போரையொட்டி அவசரமாக உருமறைப்பு வண்ணம் பூசப்பட்டது. அங்கேதான் கீழே உலோக லேயர், மேலே பெயின்ட் லேயர், நடுவில் உதிர்வு மாஸ்க் என்ற வழக்கமான அடுக்கு முழுப் பொருத்தமாக அமையும். உதிர்வு மாஸ்க்கின் விளிம்பு ஓரிரு பிக்சலுக்குள் முடிந்துவிட வேண்டும். மங்கலாக விட்டால் பாதி உலோகம், பாதி பெயின்ட் என்ற எங்கும் இல்லாத பொருள் ஒரு வெள்ளை வளையமாகத் தெரியும்.

ஏற்றுமதியில் கெடுவது

பெயிண்டரில் அழகாக இருந்தது எஞ்சினில் கண்ணாடியாகிவிட்டதா? முதலில் ரஃப்னஸ் மேப் எந்த வண்ண வெளியில் படிக்கப்படுகிறது என்று பாருங்கள். 0.35 என்று வைத்த மதிப்பை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்து எஞ்சின் படித்தால் அது 0.10 ஆகிவிடும். களத்து விமானம் ஒரே நொடியில் மெருகேற்றிய விமானம். பிளெண்டரில் ரஃப்னஸ், மெட்டாலிக், நார்மல் மூன்றுக்கும் நான்-கலர் வைக்க வேண்டும். பேஸ் கலருக்கு மட்டும் எஸ்ஆர்ஜிபி.

ரிவெட் குழிகள் மேடாகத் தெரிந்தால் நார்மல் மேப்பின் பச்சைச் சேனல் தலைகீழ். பிளெண்டர் ஓபன்ஜிஎல் முறை, அன்ரியல் (விளையாட்டு எஞ்சின்) டைரக்ட்எக்ஸ் முறை; இரண்டிலும் பச்சை எதிரெதிர். டிசிஎஸ் என்ற விமான சிமுலேட்டருக்கு ரஃப்மெட் கோப்பில் (ரஃப்னஸும் மெட்டாலிக்கும் சேர்ந்த படத்தில்) சிவப்பு அக்குளூஷன், பச்சை ரஃப்னஸ், நீலம் மெட்டாலிக். ஜிஎல்டிஎஃப் (3டி கோப்பு வடிவம்) வழி போகும் சிமுலேட்டர்களிலும் இதே வரிசை. சேனல் மாறிப்போனால் தெரியும் அறிகுறி, முழு விமானமும் பிளாஸ்டிக்காவது.

டிடிஎஸ் (டெக்ஸ்சர் படக் கோப்பு) சுருக்கத்தில் நார்மலுக்கு பிசி5 முறை, மற்றவற்றுக்கு பிசி7. பழைய பிசி1-இல் ரஃப்னஸைச் சேமித்தால் 4க்கு 4 பிக்சல் கட்டங்கள் பிரதிபலிப்பில் பூசணம் போலப் பரவும். மேட் பெயின்ட் விமானத்தில் யாரும் கவனிக்காத கோளாறு இது.

தூரத்தில் விமானம் நட்சத்திரம் போல மினுக் மினுக்கென்றால் காரணம் மிப்மேப், அதாவது தூரத்துக்காக வைத்திருக்கும் சிறிய டெக்ஸ்சர் நகல்கள். நார்மல் மேப்பின் நுண் மேடுபள்ளம் தொலைவில் சராசரியாகித் தட்டையாகிவிடும், ஆனால் ரஃப்னஸ் அப்படியே இருக்கும். அதனால் மேற்பரப்பு திடீரென்று வழவழப்பாகி ஒளி தெறிக்கும். ஒவ்வொரு சிறிய மிப்புக்கும், அங்கே இழந்த நார்மல் வேறுபாட்டின் அளவுக்கு ரஃப்னஸை ஏற்றித் தர வேண்டும். இதைத் தானாகச் செய்யும் கருவி கையில் இல்லாவிட்டால், நுண் கீறல்களை நார்மலிலிருந்து எடுத்துவிட்டு ரஃப்னஸில் மட்டும் வைப்பது எளிய வழி.

கடைசியாகச் சோதிக்கும் விதம். ஒரே எச்டிஆர்ஐ-யில் (சுற்றுப்புற ஒளியைத் தரும் 360 பாகைப் படத்தில்) பார்த்துத் திருப்திப்படுவது ஆபத்து. குறைந்தது மூன்று வேண்டும்: தெளிந்த நண்பகல், மேகம் மூடிய வானம், அந்தி. தரையும் அதில் இருக்க வேண்டும். வயிற்றுப் பகுதி புல்லையும் காங்கிரீட்டையும் காட்டாவிட்டால் விமானம் வெட்டி ஒட்டியது போல மிதக்கும். வெற்றுக் காட்சியில் உலோகம் கறுப்பாகத் தெரிந்தால் டெக்ஸ்சரைத் தொடாதீர்கள், பிரதிபலிக்க அங்கே எதுவும் இல்லை, அவ்வளவுதான். பிறகு பேஸ் கலர் மேப்பைக் கழற்றிவிட்டு அலுமினியத்தின் ஒரே எண்ணை முழு விமானத்துக்கும் கொடுத்துப் பாருங்கள். தகடுகள் அப்போதும் ஒன்றுக்கொன்று பிரிந்து தெரிய வேண்டும். பெரும்பாலும் இந்த இடத்தில்தான், மூன்று நாள் வரைந்த கலர் மேப்பில் பாதியை அழிக்கலாம் என்று தெரியவரும். மேகமூட்டக் காட்சியில் இறக்கை வேரருகே கேமராவை வைத்து, பட்டி பூசிய லாக்கரும் உடற்பகுதி ஆல்கிளாடும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தால் ஐடி மாஸ்க்குக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.